பழைய விண்டோஸுக்குத் திரும்புவது எப்படி? திரும்பத்தான் வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தமிழில் டைப் செய்வது எப்படி, எந்த ஆன்டிவைரஸ் நல்லது, போட்டோக்களை எங்கே வைப்பது என்பவை அவற்றில் சில. இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "இந்தப் புது விண்டோஸ் எனக்குச் சரிப்படவில்லை. பழையதையே திரும்பப் போட்டுக்கொள்ளலாமா?"

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கடலூர். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் தெரிந்தவர்கள் கம்ப்யூட்டரைக் காட்டாமல் விடுவதில்லை. சென்ற முறை போனபோது இதே கேள்வியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கடலூர், இன்னொருவர் சிதம்பரம். கேள்வி ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் பதில் வேறு. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உங்கள் கம்ப்யூட்டருக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

புதிது வேண்டாம் என்பது புதிதல்ல

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பின்னோக்கிப் போவதை 'டவுன்கிரேடு' என்பார்கள். 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வீடுகளுக்கு வந்தபோது, அது கேட்ட ராமும் கிராபிக்ஸும் அன்றைய பல கம்ப்யூட்டர்களில் இல்லை. பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்களும் தயாராக இல்லை. எனவே பலரும் எக்ஸ்பிக்குத் திரும்பினார்கள். விஸ்டா பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளுடன் வந்த கம்ப்யூட்டர்களில் எக்ஸ்பி போட்டுக்கொள்ள மைக்ரோசாப்டே உரிமை தந்தது. 2012 அக்டோபரில் ஸ்டார்ட் மெனு இல்லாமல் விண்டோஸ் 8 வந்தபோதும் இதே கதைதான். அப்போது எல்லோரும் தேடியது விண்டோஸ் 7.

இப்போது தேடப்படுவது விண்டோஸ் 10. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, குறைந்தது 4 ஜிபி ராம், மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவற்றைக் கேட்கிறது. இவை எல்லாம் இருந்தாலும் உங்கள் பழைய ஸ்கேனரும் பழைய கணக்கு சாப்ட்வேரும் அதில் ஓடும் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போகும் எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

கடலூர்: பத்து நாளுக்குள் என்றால் எளிது

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறார். மனு, பத்திரம், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். அவருடைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருந்தது. 'அப்கிரேடு இலவசம்' என்று திரையில் வந்ததும் சம்மதம் கொடுத்துவிட்டார். விண்டோஸ் 11 நன்றாகவே ஓடியது. ஆனால் பழைய ஸ்கேனர் நின்றுவிட்டது. அதைத் தயாரித்த நிறுவனம் 11-க்கான டிரைவரை வெளியிடவே இல்லை.

"தம்பி, எனக்குப் பதினொன்னும் வேணாம், பன்னெண்டும் வேணாம். ஸ்கேனர் ஓடணும், அவ்வளவுதான்" என்றார். அன்று அப்கிரேடு ஆகி ஏழாவது நாள். அதுதான் நல்ல செய்தி.

விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு அப்கிரேடு ஆகும்போது பழைய விண்டோஸ் உடனே அழிக்கப்படுவதில்லை. சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற போல்டரில் அது அப்படியே இருக்கும். 10 நாட்கள் வரை அதைத் திரும்ப எடுக்கலாம். அதன் பிறகு இடத்தை மிச்சப்படுத்த விண்டோஸே அதை நீக்கிவிடும். திரும்பும் வழி இதுதான்:

1. லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

2. முக்கியமான பைல்களை ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கிலோ காப்பி செய்யுங்கள். இந்த முறையில் சொந்த பைல்கள் அழியாது என்றாலும், நடுவில் கரண்ட் போனால் யாரும் பொறுப்பல்ல.

3. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று வரிசையாகப் போங்கள். அங்கே 'கோ பேக்' என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள்.

4. ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்கும். ஏதாவது ஒன்றைத் தேர்வு செய்து, அடுத்தடுத்த திரைகளில் 'நெக்ஸ்ட்' கொடுங்கள். விண்டோஸ் 10-ல் வைத்திருந்த பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும்.

இப்படித் திரும்பும்போது, அப்கிரேடுக்குப் பிறகு நீங்கள் இன்ஸ்டால் செய்த சாப்ட்வேர்களும் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். எனவே அவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவிடம் இரண்டு நாள் முன்பு யாரோ, "சி டிரைவ் நிறைந்துவிட்டது, டிஸ்க் கிளீனப் போட்டு 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்பதை அழித்துவிடுங்கள், இடம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தார்கள். வேலை மும்முரத்தில் அவர் செய்யவில்லை. செய்திருந்தால் திரும்பும் பாதையே மூடியிருக்கும். அப்கிரேடு செய்த முதல் பத்து நாட்களுக்கு எந்தக் கிளீனர் சாப்ட்வேரையும் தொடாதீர்கள். அந்த நாட்களுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், டேலி, தமிழ் எழுத்துருக்கள் என்று நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொன்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பத்து நாள் அவகாசம் இருப்பதே இதற்காகத்தான்.

பத்து நாள் கடந்துவிட்டால்

அப்போது 'கோ பேக்' பட்டன் வேலை செய்யாது. புதிதாக விண்டோஸ் 10-ஐ இன்ஸ்டால் செய்ய வேண்டும். இதைச் சர்வீஸ் கடையில் கொடுத்தாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, அதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, பேக்கப். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுண்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய நான்கும் சி டிரைவில்தான் இருக்கும். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த பைல் 'வெளியே' இருப்பதாகப் புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். சி டிரைவை பார்மட் செய்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். டேலி டேட்டா போல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், மெயில் பைல்கள் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். காப்பி செய்ததும் பென் டிரைவை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு, நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப் அல்ல.

இரண்டாவது, பிட்லாக்கர். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும். அதை எழுதி வைக்காமல் விண்டோஸை மாற்றினால் டி டிரைவில் உள்ளதைத் திறக்க முடியாமல் போகலாம். பைல்கள் கண்ணெதிரே இருந்தும் இல்லாத நிலை அது.

மூன்றாவது, லைசென்ஸ். இதே கம்ப்யூட்டரில் முன்பு ஒரிஜினல் விண்டோஸ் 10 ஓடியிருந்தால் அதன் டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' என்பதைத் தேர்வு செய்து, முன்பு இருந்த அதே பதிப்பை (ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ) போடுங்கள். இன்டர்நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். கடையிலிருந்து வந்தபோதே விண்டோஸ் 11 ப்ரோ இருந்த கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு இருந்தவரை 10 ப்ரோவுக்கு டவுன்கிரேடு உரிமை இருந்தது. 11 ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை.

நான்காவது, டிரைவர்கள். உங்கள் லேப்டாப் மாடலுக்கு விண்டோஸ் 10 டிரைவர்கள் இருக்கின்றனவா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். வைபை டிரைவரையாவது முன்பே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும், டிரைவருக்கு இன்டர்நெட் வேண்டும் என்று மாட்டிக்கொள்வீர்கள். அப்படி மாட்டிக்கொண்டால் மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்து தப்பிக்கலாம்.

ஐந்தாவது, டிரைவ்களின் அளவு. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபி என்று எழுதி வையுங்கள். இது ஏன் என்பதைக் கீழே பாருங்கள்.

இன்ஸ்டால் செய்யும் முறை

மைக்ரோசாப்டின் தளத்திலிருந்து விண்டோஸ் 10-க்கான 'மீடியா கிரியேஷன் டூல்' டவுண்லோட் செய்து, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் இன்ஸ்டாலேஷன் மீடியா தயாரியுங்கள். அந்தப் பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பேக்கப் எடுத்த பென் டிரைவையே இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள்!

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பூட் மெனுவுக்குப் போங்கள். லெனோவோ, டெல் லேப்டாப்களில் எப்12, எச்பி-யில் எப்9, அசுஸ் லேப்டாப்களில் எஸ்கேப் கீ. பென் டிரைவைத் தேர்வு செய்தால் இன்ஸ்டாலேஷன் தொடங்கும். 'அப்கிரேட்', 'கஸ்டம்' என்று இரண்டு வழி காட்டும்போது கஸ்டம் என்பதை எடுங்கள்.

அடுத்து வருவதுதான் மிக முக்கியமான திரை. ஹார்ட் டிஸ்கின் பார்ட்டிஷன்கள் வரிசையாகத் தெரியும். ஆனால் சி, டி என்ற எழுத்துக்கள் இருக்காது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3' என்பது போல இருக்கும். உங்கள் கல்யாண போட்டோக்கள் உள்ள பார்ட்டிஷன் எது என்பதை அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் எழுதி வைத்த தாள் இங்கேதான் உதவும். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் என இரண்டு இருந்தால் டிரைவ் 0, டிரைவ் 1 என்று வரும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சி எது என்று உறுதியானால் அதை மட்டும் பார்மட் செய்யுங்கள். சிறிய பார்ட்டிஷன்களைத் தொட வேண்டாம். சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். 'பார்மட்' அல்லது 'டெலீட்' அழுத்தும் வரை எதுவும் கெடாது.

இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் சிலவற்றில் இந்தத் திரை காலியாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

சிதம்பரம்: திரும்பாமலே கிடைத்த தீர்வு

இரண்டாவது ஆள் சிதம்பரத்தில் நகை அடகுக்கடை வைத்திருப்பவர். பல வருடங்களுக்கு முன் பாக்ஸ்ப்ரோவில் எழுதப்பட்ட ஒரு டாஸ் புரோகிராமில்தான் கடைக் கணக்கு முழுவதும் இருக்கிறது. யாருடைய நகை, எத்தனை கிராம், எவ்வளவு பணம், எந்தத் தேதியிலிருந்து வட்டி என்ற விவரம் எல்லாம் அதில்தான். புரோகிராமை எழுதியவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை.

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஹார்ட் டிஸ்கை முழுவதும் காலி செய்து, புது பார்ட்டிஷன் போட்டு, விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடியது. ஆனால் கணக்கு புரோகிராமைக் கிளிக் செய்தால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்ற செய்திதான் வந்தது. "பழைய விண்டோஸ் போட்டுக் கொடுங்க சார், வாசல்ல ஆள் நிக்கிறாங்க" என்றார்.

காரணம் இதுதான். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டர்களுக்கான விண்டோஸ் 10 வரை 32 பிட், 64 பிட் என இரண்டு வகை உண்டு. 32 பிட் விண்டோஸுக்குள் பழைய 16 பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் ஒரு பகுதி இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் அது இல்லை. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும்தான். இவரிடம் முன்பு இருந்தது 32 பிட் விண்டோஸ் 10. எனவே சும்மா 'விண்டோஸ் 10-க்குத் திரும்பினால்' போதாது. 64 பிட் விண்டோஸ் 10 போட்டாலும் இதே செய்திதான் வரும். அதோடு, புது இன்ஸ்டாலேஷன் டிஸ்கை ஜிபிடி முறைக்கும் யுஇஎப்ஐ பூட்டுக்கும் மாற்றியிருந்தது. இந்த அமைப்பில் 32 பிட் விண்டோஸ் பூட் ஆகாது. திரும்ப வேண்டுமானால் பயாஸில் லெகசி முறைக்கு மாற்றி, டிஸ்கை மீண்டும் ஒருமுறை முழுவதும் அழிக்க வேண்டும்.

அதற்கு முன் நான் கேட்டது ஒரே கேள்விதான். "டேட்டா எங்கே இருக்கு?" அவர் கல்லாப் பெட்டியைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். தினமும் கடை பூட்டும்போது அந்த போல்டரை அதில் காப்பி செய்வது அவர் வழக்கம். புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போன பழக்கமாம். அது இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் வேறு கதை எழுத வேண்டியிருக்கும்.

முதலில் அந்த போல்டரை இன்னும் இரண்டு இடங்களில் காப்பி செய்தோம். பாக்ஸ்ப்ரோவின் டிபிஎப் பைல்களை லிப்ரே ஆபீஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். திறந்து, கடைசி ரசீது எண்ணைக் கடை நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். சரியாக இருந்தது. பிறகு 'டாஸ்பாக்ஸ்-எக்ஸ்' என்ற இலவச சாப்ட்வேரை விண்டோஸ் 11-லேயே இன்ஸ்டால் செய்தேன். அது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும். புரோகிராம் அதற்குள் ஓடியது. ரசீது பிரிண்ட் எடுக்கும் அமைப்பைச் சரிசெய்யத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது. விண்டோஸை மாற்றவே இல்லை.

இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குத் தேவை பழைய விண்டோஸா, அல்லது அதில் ஓடிய ஒரு புரோகிராமா? புரோகிராம்தான் என்றால், அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய் 'கம்பாட்டிபிலிட்டி' டேபில் பழைய விண்டோஸ் பெயரைத் தேர்வு செய்து பாருங்கள். ஓடவில்லை என்றால் 'விர்ச்சுவல்பாக்ஸ்' போன்ற சாப்ட்வேரில் பழைய விண்டோஸைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பழைய பாமினி எழுத்துருவில் உள்ள பைல்களுக்காக மட்டும் பின்வாங்க வேண்டியதில்லை. எழுத்துருவை விண்டோஸ் 11-லும் இன்ஸ்டால் செய்யலாம். யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது.

விண்டோஸ் 7 போட்டுக்கொள்ளலாமா?

இதற்கு என் பதில்: இன்டர்நெட்டில் இணையும் கம்ப்யூட்டர் என்றால் வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-ல் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. குரோம் பிரவுசரும் 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. தவிர, விண்டோஸ் 7 டிஸ்கில் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. புதிய கம்ப்யூட்டர்களில் இன்ஸ்டால் செய்யும்போது கீபோர்டும் மவுஸுமே வேலை செய்யாமல் நிற்கும்.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் பரவிய 'வான்னாக்ரை' வைரஸ் சாட்சி. அது பைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின. நம் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் அதில் அடக்கம். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. ஏடிஎம்களில் பழைய விண்டோஸ் ஓடுவதைப் பார்த்த ரிசர்வ் வங்கி, அவற்றைப் படிப்படியாக மாற்றும்படி 2018 ஜூனில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கிக்குப் பொருந்துவது உங்கள் நெட் பேங்கிங்குக்கும் பொருந்தும்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் இலவச அப்டேட் முடிந்தது. வீட்டு உபயோகத்தாருக்கு 'இஎஸ்யு' என்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்கு 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் பதிவு செய்ய வேண்டும். ஆகவே 10-க்குத் திரும்புவது நிரந்தரத் தீர்வு அல்ல. மஞ்சக்குப்பம் அக்காவிடமும் இதைச் சொன்னேன். ஸ்கேனரின் ஆயுள்தான் இனி அந்த விண்டோஸின் ஆயுள். அடுத்த ஸ்கேனர் வாங்கும்போது விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய அரசு லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த மெஷின்கள் கடலூர், சிதம்பரம் பக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நான் பிளஸ் டூ முடித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. அவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸைப் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்கவில்லை. குறைந்த ராம் உள்ள இந்த லேப்டாப்களில் பழைய விண்டோஸ் தேடி அலைவதைவிட, எடை குறைந்த, இன்றும் அப்டேட் வருகிற ஒரு லினக்ஸ் போடுவது மேல். பிள்ளைகள் படிக்க, படம் பார்க்க, தமிழில் டைப் செய்ய அது போதும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் இன்ஸ்டால் செய்யலாம்.

கடையில் கொடுக்கும் முன்

கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு போடப் போகிறீர்கள்? 32 பிட்டா, 64 பிட்டா? என்னுடைய லைசென்ஸைப் பயன்படுத்துவீர்களா, அல்லது திருட்டு காப்பியா? டி டிரைவைத் தொடுவீர்களா? 'எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்' என்பது பதில் அல்ல. நான்குக்கும் நேரான பதில் வந்தால் கொடுங்கள். பேக்கப் பென் டிரைவை மட்டும் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். அது உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.